என் தங்கச்சியின் குரலை விற்காதீர்கள்

அந்த வீடியோவை அழியுங்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம். முதலில் அதை அழியுங்கள்.

செத்துப்போனவளின் முகத்தைக் காட்டி, "இப்பல்லாம் நல்லா தூக்கம் வருதுக்கா, மனசு லேசா இருக்கு" என்று அவள் சொன்னதைப் போட்டுக் காட்டி, இன்னமும் பாட்டில் விற்றுக்கொண்டிருக்கிறீர்களே, உங்களுக்கு நெஞ்சு அடைக்கவில்லையா? என் பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கிற ஒரு டீச்சருக்கே அது வந்து சேர்ந்திருக்கிறது. அவருக்கு என் தங்கச்சியைத் தெரியாது. "இந்தப் பொண்ணு உங்க சாடையாவே இருக்காங்க டீச்சர்" என்று போனை என் பக்கம் திருப்பினார். பச்சைச் சேலை. நான் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது. மடியில் பிள்ளை. சிரிக்கிறாள். அடியில் ஒரு போன் நம்பர், "தூக்கமின்மைக்கும் மன அழுத்தத்துக்கும் இயற்கைத் தீர்வு, பக்கவிளைவு இல்லை" என்று நாலு வரி.

பக்கவிளைவு இல்லையா? அந்த விளைவைத் தோளில் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்குப் போனவர்கள் நாங்கள்.

இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்தேன். குடும்ப மானம் என்றார்கள். மாப்பிள்ளைக்கு இன்னொரு கல்யாணம் ஆக வேண்டும், பிள்ளை வளர வேண்டும், "மனசு சரியில்லாதவ பெத்த பிள்ளை"ன்னு ஊர் பேசிவிடக் கூடாது என்றார்கள். சரி என்று இருந்தேன். இனி முடியாது. பேசாமல் இருந்தால் அந்த வீடியோ மட்டும்தான் பேசிக்கொண்டிருக்கும்.

சின்னவள் எங்கள் வீட்டில் அதிகம் சிரிக்கிறவள். பிள்ளை பிறந்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. பிள்ளை தூங்கினாலும் அவள் தூங்க மாட்டாள். விட்டத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள். பால் கொடுக்கும்போது காரணமில்லாமல் கண்ணீர் வழியும். "எனக்கு இந்தப் பிள்ளை மேல பாசமே வரலைக்கா, நான் அம்மாவே இல்லை" என்று ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு இது, மருந்து உண்டு, சரியாகும் என்று மனநல மருத்துவர் சொன்னார். செர்ட்ராலின் எழுதிக் கொடுத்தார். அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கிற மாத்திரை. வேலை செய்ய சில வாரம் ஆகும், பொறுத்திருங்கள் என்றும் சொன்னார்.

அந்தச் சில வாரத்தில்தான் வந்து நுழைந்தார்கள்.

மாமியார் வீட்டில் ஏற்கெனவே முணுமுணுப்பு. "நாங்களும்தான் நாலு பெத்தோம், எங்களுக்கு எந்தப் பைத்தியமும் பிடிக்கலை." மாத்திரை அட்டையை அவள் அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துச் சாப்பிட்டாள். தூக்கத்துக்குக் கேட்டால் டாக்டர் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாயே என்று யோசித்தார். இரவுகள் நீண்டன. மாத்திரை இன்னும் பிடிக்கவில்லை. இந்த நேரத்தில் அடுத்த தெரு அக்கா கதவைத் தட்டினாள்.

அக்கா என்றுதான் நாங்கள் எல்லோரும் கூப்பிடுவோம். சின்னவளின் வளைகாப்பில் முதல் வளையலைப் போட்டவள் அவள்தான். எங்கள் அம்மா வைத்த மீன்குழம்பை வாங்கிக்கொண்டு போகிறவள். வீட்டு முன்னறையில் நியூட்ரிஷன் கிளப் நடத்துகிறாள். காலையில் ஷேக், எடை பார்ப்பது, கைதட்டல், போட்டோ. மேலே ஒருத்தர், அவருக்கு மேலே ஒருத்தர், அவருக்கும் மேலே ஒருத்தர். ஒவ்வொரு பாட்டிலிலும் எல்லோருக்கும் பங்கு. உடம்பைப் பற்றி அவள் படித்ததெல்லாம் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்த கூட்டத்தில் திரையில் ஓடிய படங்கள்தான்.

"அந்த மாத்திரையெல்லாம் பழக்கமாயிடும் கண்ணு. இது மருந்தே இல்லை. அமினோ ஆசிட். பால்ல இருக்கு, முட்டைல இருக்கு, நம்ம உடம்புலயே இருக்கு. உன் மூளைல சந்தோஷச் சத்து கொறஞ்சுபோச்சு, இது அதை நிரப்பிடும்."

இதைவிட இனிப்பாக யார் பேச முடியும்? டாக்டரிடம் போனால் பைத்தியம். அக்காவிடம் போனால் சத்துக்குறைவு. தூங்காத ஒரு பெண், ஒளித்து மாத்திரை சாப்பிடுகிற பெண், எதைத் தேர்ந்தெடுப்பாள்? சொல்லுங்கள்.

"டாக்டர்கிட்ட சொல்லிடாத. அவங்களுக்கு இது பிடிக்காது. அவங்க மாத்திரை ஓடாதுல்ல." இதையும் சொல்லியிருக்கிறாள். இது அவளாகச் சொன்னதா, மேலே இருப்பவர்கள் சொல்லிக்கொடுத்ததா? ஒரு பிள்ளைபெற்றவளிடம், மருத்துவரிடம் மறைக்கச் சொல்ல ஒருத்திக்கு நாக்கு எப்படி வந்தது?

நான் அறிவியல் டீச்சர். புரதம் பற்றிக் கரும்பலகையில் எழுதிச் சொல்லிக்கொடுக்கிறவள். சின்னவள் போன பிறகு ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க அழுகை போய் ஆத்திரம் வந்தது. இதில் எதுவுமே ரகசியமில்லை. எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள்.

டிரிப்டோபேன் என்பது உடம்பால் செய்துகொள்ள முடியாத ஒன்பது அமினோ அமிலங்களில் ஒன்று. சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். பாலில் இருக்கிறது, முட்டையில் இருக்கிறது, நிலக்கடலையில் இருக்கிறது. அக்கா சொன்னதில் அவ்வளவும் உண்மை. உடம்பு அதில் மிகச் சிறிய பங்கை எடுத்து 5-எச்.டி.பி. என்ற பொருளாக்கி, அதிலிருந்து செரட்டோனின் செய்கிறது. அந்தச் செரட்டோனினிலிருந்துதான் இரவில் தூக்கத்துக்கான மெலட்டோனின். எவ்வளவு செய்ய வேண்டும் என்று முதல் படியிலேயே உடம்பு அளந்துவிடும். அதனால்தான் பால் குடித்து யாரும் சாகவில்லை. ஆனால் அக்கா பாட்டிலில் விற்ற கேப்ஸ்யூலில் இருந்தது 5-எச்.டி.பி. மேற்கு ஆப்பிரிக்காவில் வளரும் ஒரு செடியின் விதையிலிருந்து எடுத்தது. அதனால் "இயற்கை". அது உடம்பு அளக்கிற அந்தப் படியைத் தாண்டி நேரே உள்ளே போய்விடுகிறது.

செர்ட்ராலின் என்ன செய்கிறது? நரம்புகளுக்கு இடையே இருக்கிற செரட்டோனின் சீக்கிரம் உறிஞ்சப்படாமல் நிறுத்தி வைக்கிறது. வடிகாலை அடைத்துவிட்டு மேலே குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. இந்த இரண்டையும் ஒன்றாகக் கொடுக்காதே என்று மருத்துவம் படிக்கிற பிள்ளைக்குத் தெரியும். இப்படிச் செரட்டோனின் மிஞ்சிப்போனால் வரும் கேட்டுக்கு அடையாளங்கள் என்னென்ன என்று 1991-லேயே தொகுத்து எழுதிவிட்டார்கள். சின்னவள் அப்போது பிறக்கவே இல்லை. அவள் பிறக்கும் முன்பே தெரிந்த ஒன்று அவளுக்கு மட்டும் ஏன் சொல்லப்படவில்லை?

முதலில் கொஞ்சம் தூக்கம் வந்தது உண்மை. அது அவள் சாப்பிட்ட மாத்திரை பிடிக்கத் தொடங்கிய நேரமாகக்கூட இருக்கலாம். யார் கண்டார்கள்? பெருமையைப் பாட்டில் எடுத்துக்கொண்டது. அந்த வீடியோ அப்போது எடுத்ததுதான். அப்புறம் மறுபடி தூக்கம் கெட்டது. "ஒண்ணு போதாது, ரெண்டு போடு. கூடவே இந்தப் பவுடரையும் பால்ல கலக்கிக் குடி." அந்தப் பவுடரில் டிரிப்டோபேன். பெயர் வேறு, டப்பா வேறு, போய்ச் சேருகிற இடம் ஒன்றே.

ஒருநாள் சாயங்காலம் கை நடுங்குகிறது என்றாள். வியர்த்துக் கொட்டியது. ஒரு இடத்தில் உட்காரவில்லை, எழுந்து எழுந்து நடந்தாள். வயிற்றுப்போக்கு. பிறகு காய்ச்சல். ஊரெல்லாம் டெங்கு என்று பேச்சாக இருந்த சமயம். பக்கத்து நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனோம். உடம்பு வலி என்று சொன்னதும் ஒரு ஊசி போட்டார்கள். டிரமடால். வலிக்குப் போடுகிற ஊசிதான், ஆனால் அதுவும் செரட்டோனினைக் கூட்டும். மூன்றாவதாக அதுவும் சேர்ந்தது. ஊசி போட்ட கையோடு அனுப்பிவிட்டார்கள். வேற என்ன மாத்திரை சாப்பிடுறே என்று ஒரு கேள்வி. அந்த ஒரே ஒரு கேள்வியை அங்கே யாரும் கேட்கவில்லை. சீட்டு எழுதிய கைக்கு அதற்கு நேரமில்லையா?

நடுராத்திரியில் காலெல்லாம் விறைத்தது. கண்மணி பெரிதாகி யாரையோ தேடியது. என்னை அம்மா என்று கூப்பிட்டாள். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. பெரியாஸ்பத்திரியில் ராத்திரி வேலையில் இருந்த ஒரு இளம் டாக்டர்தான், படிப்பை முடித்துச் சில வருடம்கூட ஆகியிருக்காது, அவள் பாதத்தைக் கையில் பிடித்து மேலே மடக்கினார். கால் தானாகவே துடித்தது, துடித்தது, நிற்கவே இல்லை. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். "வேற என்ன மாத்திரை எடுத்தாங்க? யோசிச்சுச் சொல்லுங்கம்மா. சத்து மாத்திரை, பவுடர், எதுவா இருந்தாலும்." மாப்பிள்ளை பைக்கில் ஓடிப்போய் பாட்டில்களைக் கொண்டுவந்தார். டாக்டர் டார்ச் அடித்து அந்தப் பொடி எழுத்தைப் படித்தார்.

செரட்டோனின் மிஞ்சிப்போனதற்கு முறிவாக அவர்கள் கொடுத்தது சைப்ரோஹெப்டடின். பசி எடுக்க வேண்டும் என்று மெடிக்கலில் வாங்கிக் கொடுப்போமே, அதே பழைய மலிவு மாத்திரை. தெருமுனைக் கடையிலேயே கிடைப்பது. சாயங்காலமே யாராவது கேட்டிருந்தால், சாயங்காலமே யாராவது பாதத்தை மடக்கிப் பார்த்திருந்தால்... ஆனால் தசைகள் உடைந்து அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிட்டது. டயாலிசிஸ் வைத்தார்கள். குளிர்ந்த நீரால் துடைத்துக்கொண்டே இருந்தோம். அந்த டாக்டர் வீட்டுக்குப் போகவில்லை. அவரை நான் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். அவள் பிழைக்கவில்லை.

இறப்புச் சான்றிதழில் சிறுநீரகச் செயலிழப்பு என்று இருக்கிறது. அந்தக் காகிதத்தில் பாட்டிலின் பெயர் இல்லை. பவுடரின் பெயர் இல்லை. அந்தக் காகிதத்தின்படி அவளை யாரும் எதுவும் செய்யவில்லை.

புகார் கொடுக்கப் போனேன். மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில், "இது மருந்து இல்லைம்மா, உணவு லைசென்ஸ்ல வருது" என்றார்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில், "சீல் உடைஞ்ச பாட்டிலை எப்படி சாம்பிளா எடுக்கறது?" என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில், "அவங்களா வாங்கிச் சாப்பிட்டதுக்கு யார் மேல கேஸ் போடச் சொல்றீங்க?" என்றார்கள். சீல் உடைக்காமல் எப்படிச் சாப்பிட்டுச் சாவது? அதையாவது யாராவது சொல்லுங்கள்.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? உடல்நலத் துணை உணவுகளுக்கு 2016-ல் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டிருக்கிறது. மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று டப்பாவில் அச்சடிக்க வேண்டும். தெரிந்த பக்கவிளைவுகளை, எந்த மருந்தோடு சேரக் கூடாது என்பதை எழுத வேண்டும். முதலாவது இருந்தது, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற அளவில். இரண்டாவது இல்லவே இல்லை. டப்பா சொல்கிறது மருந்தல்ல என்று. டப்பாவை விற்கிறவள் சொல்கிறாள் மன அழுத்தத்துக்கு மருந்தை விட நல்லது என்று. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் என் தங்கச்சியைப் புதைத்தீர்கள்.

இன்னொன்றும் படித்தேன். அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

1989 அக்டோபர். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம். மூன்று பெண்கள், தாங்க முடியாத தசைவலி, ரத்தத்தில் ஈயோசினோபில் அணுக்கள் கண்டபடி ஏறியிருக்கின்றன. மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: எல்-டிரிப்டோபேன். தூக்கத்துக்கு, மனச்சோர்வுக்கு, மாதவிலக்குக்கு முந்தைய வேதனைக்கு என்று கடையில் சீட்டில்லாமல் வாங்கிச் சாப்பிட்டது. இயற்கை, அமினோ அமிலம், பாலில் இருப்பது. அதே பேச்சு! அப்போதும் அதே பேச்சு! ஒரு பெண் பத்திரிகையாளர், அல்புகர்க்கி ஜர்னலின் டாமர் ஸ்டீபர், அதைத் தோண்டி எழுதினார். மறு ஆண்டு அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. 1989 நவம்பரிலேயே அரசு அந்தச் சரக்கைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வைத்தது. கணக்கெடுத்தபோது 1,500 பேருக்கு மேல் பாதிப்பு, குறைந்தது 37 சாவு. பெரும்பாலும் பெண்கள். தோல் தடித்து இறுகிப்போனவர்கள், நரம்பு செத்துப்போனவர்கள், வருடக்கணக்கில் வலியோடே கிடந்தவர்கள்.

அவர்கள் சாப்பிட்ட சரக்கின் தடம் ஜப்பானின் ஷோவா டென்கோ என்ற ஒரே கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதைச் செய்யும் பாக்டீரியாவின் இனத்தை மாற்றியிருந்தார்கள். சுத்திகரிக்கும் கரித்தூளின் அளவையும் குறைத்திருந்தார்கள். அந்தச் சரக்கில் இருக்கக் கூடாத அசுத்தங்கள் இருந்தன. கரித்தூளில் மிச்சம் பிடித்தார்கள். அவ்வளவுதான்.

என் தங்கச்சிக்கு வந்தது வேறு நோய். எனக்குத் தெரியும். ஆனால் பலியானவர்கள் ஒரே ஜாதி: தூங்க முடியாமல் தவித்த பெண்கள், "இது மருந்தே இல்லை" என்று சொன்னதை நம்பின பெண்கள். அத்தனை பேர் செத்த பிறகாவது உலகம் பாடம் கற்றதா? ஐந்தே வருடத்தில், 1994-ல், அதே அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. துணை உணவு செய்கிறவர்கள் விற்பதற்கு முன் அது பாதுகாப்பானது என்று அரசிடம் நிரூபிக்க வேண்டியதில்லை. கெடுதல் என்று நிரூபிக்க வேண்டியது அரசின் பாடு. அந்தக் கதவு வழியாக வளர்ந்த வியாபாரம்தான் கப்பலேறி, கூரியர் ஏறி, எங்கள் அடுத்த தெரு முன்னறை வரைக்கும் வந்தது.

அக்கா, உனக்குத்தான் சொல்கிறேன். நீ கொலைகாரி இல்லை என்று உன் வீட்டுக்காரர் என் வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். நான் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. நான் கேட்டது வேறு. துக்க வீட்டுக்கு ஏன் வரவில்லை? ராத்திரியோடு ராத்திரியாக வாட்ஸப் குரூப்பிலிருந்து அவளை ஏன் நீக்கினாய்? அவளை நீக்கத் தெரிந்த உனக்கு அந்த வீடியோவை நீக்கத் தெரியவில்லையா? உனக்கு மேலே இருப்பவர், அவருக்கு மேலே இருப்பவர், மேடையில் மாலை போட்டுக்கொண்டு காரோடு போட்டோ எடுத்துக்கொண்டவர், அவர்களில் ஒருவராவது "அந்தப் பொண்ணுக்கு என்னாச்சு" என்று உன்னைக் கேட்டார்களா?

டாக்டர்களே, உங்களையும் கேட்கிறேன். மனநல மாத்திரை எழுதும்போது, "பவுடர், கேப்ஸ்யூல், ஜிம்மில் கொடுத்தது, ஆன்லைனில் வாங்கினது, எதுவானாலும் சொல்லுங்க, திட்ட மாட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? எங்கள் பெண்கள் திட்டுக்குப் பயந்துதான் மறைக்கிறார்கள். மறைக்கச் சொல்லிக் கொடுக்க ஆளிருக்கிறது. சொல்லச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை.

மாமியார்களே, அம்மாக்களே, அத்தைமார்களே. பிள்ளைபெற்றவள் அழுதால் பைத்தியம் என்று சொல்லாதீர்கள். அரிசிப் பானைக்குள் மாத்திரையை ஒளித்துவைக்கும்படி ஒருத்தியைச் செய்துவிட்டீர்கள் என்றால், யார் யாரோ அவளிடம் வந்து எதை எதையோ விற்பார்கள். பேச ஆளில்லாமல் தவிக்கிறவர்கள் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அரசு நடத்துவது, தமிழிலும் பேசலாம், காசு கிடையாது, பாட்டிலும் விற்க மாட்டார்கள்.

பிள்ளை இப்போது என்னிடம் இருக்கிறான். என்னைத்தான் அம்மா என்கிறான். அவனிடம் ஒருநாள் சொல்ல வேண்டும். என்ன சொல்வேன்? உன் அம்மா உன்னை நன்றாகக் கவனித்துக்கொள்ள ஆசைப்பட்டாள், அதற்குத் தூங்க ஆசைப்பட்டாள், அந்த ஆசைக்கு ஒரு விலை போட்டு விற்றார்கள் என்றா?

கோர்ட்டுக்குப் போகப் பணமில்லை. போவதற்கு இடம் இருக்கிறது. அந்த நியூட்ரிஷன் கிளப் காலையில் ஆறு மணிக்குத் திறக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன் தினமும் அந்த வாசலில் நிற்கப்போகிறேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் நிற்பேன். சத்தம் போட மாட்டேன். யாரையும் உள்ளே போகாதே என்று தடுக்க மாட்டேன். கையில் பாட்டிலோடு வெளியே வருகிற ஒவ்வொருத்தியிடமும் அந்த ஒரு கேள்வியைக் கேட்பேன்: வேற என்ன மாத்திரை சாப்பிடுறே கண்ணு?